பவளத் தொட்டி கேள்வி–பதில்: பழுப்புக் கூழ், தேயும் திசு, தட்டைப்புழு

இந்த முறை வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே நோய் பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். உப்படர்த்தி, வெப்பநிலை, கேஎச் (நீரின் கார்பனேட் காரத்தன்மை), நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஐந்தையும் எண்ணாக எழுதி அனுப்புங்கள். "எல்லாம் நார்மல்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: டார்ச் பவளத்தில் நான்கு தலைகள் உள்ளன. ஒன்றில் மட்டும் பழுப்பு நிறத்தில் கூழ் போல ஏதோ தொங்குகிறது, நாற்றமும் அடிக்கிறது. ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்காதீர்கள், இன்றே கை வையுங்கள். இது பிரவுன் ஜெல்லி என்னும் நோய். டார்ச், ஹேமர் போன்ற யூஃபிலியா வகைப் பவளங்களும் கோனியோபோராவும்தான் இதில் அதிகம் மாட்டும். ஒரு தலையை முடிக்க அதற்கு ஒன்றிரண்டு நாள் போதும்.

முதலில் பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பை) நிறுத்துங்கள். கூழ் பிய்ந்து பறந்து பக்கத்துப் பவளத்தில் ஒட்டினால் அங்கேயும் தொடங்கிவிடும். மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வாளிக்குள் விடுங்கள், சம்ப்பில் (வடிகட்டித் தொட்டியில்) விட்டுவிடாதீர்கள். அப்புறம் பவளத்தை வெளியே எடுத்து, நோயுள்ள தலையை அதன் கிளையோடு சேர்த்து வெட்டி எறியுங்கள். அந்தத் தலையைக் காப்பாற்றப் பார்த்தால் நான்கும் போகும். மீதி மூன்றுக்கும் அயோடின் டிப் (மருந்து கலந்த நீரில் சிறிது நேரம் முக்குவது) கொடுத்து, தனித் தொட்டியில் மிதமான நீரோட்டத்தில் ஒரு வாரமாவது வைத்துக் கவனியுங்கள். கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: அக்ரோபோரா பவளம் அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வருகிறது. மூன்று வாரமாகிறது. தண்ணீர் அளவுகள் எல்லாம் நார்மல். என்ன மருந்து?

மேலே சொன்னதைப் படித்திருப்பீர்கள். நார்மல் என்றால் எவ்வளவு? கேஎச் இன்று 8 இருக்கலாம். போன வாரம் 10.5 இருந்து இறங்கி வந்த 8 என்றால் உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது. 7-இல் நிலையாக நிற்கும் தொட்டியிலும் அக்ரோபோரா நன்றாக இருக்கும், 9-இல் நிற்கும் தொட்டியிலும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே வாரம்தோறும் ஊசலாடும் தொட்டியில்தான் அடி வெளுக்கும்.

மூன்று வாரம் எடுத்திருக்கிறது என்பதால் இது எஸ்டிஎன், அதாவது திசு மெதுவாக அழிவது. சில மணி நேரத்தில் திசு உரிந்து பறந்திருந்தால் ஆர்டிஎன் (திசு வேகமாக அழிவது) என்போம், அதற்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருந்திருக்காது. செய்ய வேண்டியது இதுதான்: தினமும் ஒரே நேரத்தில் கேஎச் அளந்து, பத்து நாள் எழுதி வையுங்கள். டெஸ்ட் கிட் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அடிப்பகுதியில் வெளிச்சமும் நீரோட்டமும் போய்ச் சேருகிறதா, பவளத் திசுவைத் தின்னும் தட்டைப்புழு கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைக் கோடு ஏறிக்கொண்டே போனால், கோட்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே, நல்ல திசுவில் வெட்டி ஃப்ராக் (தனியாக வளர்க்கும் துண்டு) எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: பவளம் முழுக்க வெளிறிவிட்டது. செத்துவிட்டதா?

உற்றுப் பாருங்கள். மேலே திசு இருந்து பாலிப் (பவளத்தின் சிறு உயிரி) நீண்டால் உயிரோடு இருக்கிறது. உள்ளே வாழும் பாசியை மட்டும் இழந்திருக்கிறது. வெறும் எலும்புக்கூடு தெரிந்தால் அந்த இடம் செத்தது. உயிரோடு இருந்தால் வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், வெப்பத்தை 25–26 டிகிரியில் நிறுத்துங்கள், சிறு இரை கொடுங்கள். டிப் வேண்டாம், அதற்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை.

கேள்வி: பல பவளங்களில் திசு தேய்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் பொடித்துத் தொட்டி முழுவதற்கும் போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும் என்கிறார் நண்பர். 400 லிட்டருக்கு எத்தனை மாத்திரை?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன். இதே கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பவளத்தைத் தின்பது பாக்டீரியாதானா? உப்படர்த்தி எவ்வளவு என்று எழுதவில்லை. கடைசியாக எந்தப் பவளம் சேர்த்தீர்கள், அதை டிப் செய்தீர்களா என்பதும் இல்லை. "பல பவளங்கள்" ஒரே நேரத்தில் தேய்கின்றன என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான்: கேஎச் தாவல், ஹீட்டர் கோளாறு, துருப்பிடித்த காந்தம், ஆர்ஓ வடிகட்டி தீர்ந்துபோனது. இவற்றில் எதையும் மாத்திரை சரிசெய்யாது.

சரி, பாக்டீரியா என்றே வைத்துக்கொள்வோம். பவளத்தின் மேல் படிந்திருக்கும் சளியில் அதற்கென்றே ஒரு பாக்டீரியா கூட்டம் வாழ்கிறது, வெளியிலிருந்து வரும் கிருமிக்கு இடம் கொடுக்காமல் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் ஆள் பார்த்து அடிப்பதில்லை. லைவ் ராக்கில் (நுண்ணுயிர்கள் வாழும் தொட்டிப் பாறையில்) அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. அது அடிபட்டால் அமோனியா ஏறலாம், அதன் சுமையை ஏற்கெனவே நோயில் கிடக்கும் பவளமும் மீன்களும் தாங்க வேண்டிவரும்.

இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின் மெக்னீசியத்தோடும் கால்சியத்தோடும் பிணைந்து வீரியம் இழக்கும். கடல்நீரில் மெக்னீசியம் மட்டுமே சுமார் 1300 பிபிஎம். வெளிச்சத்திலும் இந்த மருந்து சிதையும், நம் விளக்குகளோ சாதாரண விளக்குகள் அல்ல. ஆகவே நீங்கள் போட்ட அளவு ஒன்று, திசுவைச் சென்றடைவது வேறொன்று. அரைகுறை அளவில் நாள் கணக்காக மருந்தைக் காட்டுவது, அதை எதிர்த்துப் பிழைக்கும் கிருமியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலை. அந்தத் தண்ணீர் அடுத்த மாற்றத்தின்போது சாக்கடைக்குப் போகிறது. மனிதருக்குக் கடும் தொற்று வந்தால் கொடுக்கும் மருந்து இது. ஒரு பொழுதுபோக்குக்காக அதை வாளிவாளியாக வெளியே விட நமக்கு என்ன உரிமை? இதில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

பிரவுன் ஜெல்லிக் கூழை நுண்ணோக்கியில் பார்த்தால் சிலியேட்டுகள் என்னும் ஒற்றைச்செல் உயிர்கள் மொய்ப்பது தெரியும். அவை பாக்டீரியா அல்ல, இந்த மாத்திரையைக் கண்டு ஓடப் போவதுமில்லை.

ஃப்ளோரிடாவில் 2014-இல் மயாமி அருகே கல் பவளங்களின் திசு இழப்பு நோய் தொடங்கிப் பரவியபோது அங்கே அமோக்ஸிசிலின் பயன்படுத்தினார்கள், உண்மைதான். எப்படி? பசையாகக் குழைத்து, முக்குளித்துப் போய், ஒவ்வொரு பவளத்திலும் புண்ணின் விளிம்பில் மட்டும் பூசினார்கள். பூசிய புண் பெரும்பாலும் நின்றது. அதே பவளத்தில் வேறிடத்தில் புதுப்புண் வருவதை அது தடுக்கவில்லை. அத்தனை நெருக்கடியிலும் மருந்தைப் புண்ணில்தான் வைத்தார்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: அளவுகளை எடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள், கார்பன் போடுங்கள், மோசமானவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் ஆன்டிபயாடிக்தான் தேவை என்று தோன்றினால், நீர்வாழ் உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவில், அந்தத் தனித் தொட்டியில் மட்டும். பெரிய தொட்டிக்குள் எதுவும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: டிப் முடிந்ததும் அந்த நீரைத் தொட்டியிலேயே ஊற்றலாமா? உப்பு வீணாகிறதே.

கூடாது. மருந்தும் இருக்கிறது, உதிர்ந்த புழுவும் இருக்கிறது.

கேள்வி: அக்ரோபோராவில் தட்டைப்புழு. டிப் செய்தேன், நிறைய உதிர்ந்தன. ஒரு மாதத்தில் மறுபடி அதே கதை. டிப் மருந்து போலியா?

மருந்தின் மேல் பழி போடாதீர்கள். எந்த டிப்பும் முட்டையைக் கொல்லாது. முட்டைகள் பவளத்தின் அடியில், திசு இல்லாத எலும்புக்கூட்டில் பழுப்புத் திட்டாக ஒட்டியிருக்கும். வெப்பத்தைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். நீங்கள் பெரியவற்றைக் கொன்றீர்கள், குட்டிகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன.

எல்லா அக்ரோபோராவையும் எடுங்கள். "ஒன்று மட்டும் பாறையோடு ஒட்டிவிட்டது, அதை விட்டுவிடலாமா" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். விட்டால் அதுதான் விதை. பழைய பிளக்கை (பவளம் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை) உடைத்து எறிந்து, முட்டைத் திட்டைச் சுரண்டி, புதிய பிளக்கில் ஒட்டுங்கள். வாரம் ஒரு டிப், ஆறு வாரம். டிப்பில் இருக்கும்போது பிப்பெட்டால் ஒவ்வொரு கிளையிலும் நீரைப் பீய்ச்சுங்கள், ஒட்டியிருப்பவை அப்போதுதான் விழும். அந்த ஆறு வாரமும் பெரிய தொட்டியில் அக்ரோபோரா இருக்கக் கூடாது. அங்கே மிச்சமிருப்பவை பட்டினியில் சாகட்டும்.

கேள்வி: சோவாந்திட் (பாறைமேல் பொத்தான் போலப் படரும் பவளம்) நோயால் சுருங்கிவிட்டது. பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். சோவாந்திட், பாலித்தோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். அந்தப் பாறையைக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. வறண்ட பாறையைத் தேய்ப்பது, வெந்நீர் பீய்ச்சுவது, மூடிய அறையில் அறுப்பது எல்லாமே அதே ஆபத்துதான். கையில் வெட்டுக்காயம் இருந்தால் சோவாந்திட்டைத் தொடவே தொடாதீர்கள். கையுறை, கண்ணாடி. இதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது.

பாறையைக் கழித்துவிட முடிவு செய்தால், ஈரமாகவே எடுத்து, திறந்த வெளியில் பிளீச் கலந்த நீரில் ஊறவைத்து எறியுங்கள். பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்க்காதீர்கள். கையாண்ட பிறகு காய்ச்சல், மூச்சுத்திணறல், கண் எரிச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், பாலிடாக்ஸின் என்ற பெயரைச் சொல்லுங்கள். அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

பவளத்தையே காப்பாற்ற நினைத்தால், பாலிப் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். சுருங்கியது என்பது மட்டும் போதாது.

கேள்வி: அக்ரோபோராவில் மஞ்சளாக, நடுவே சிவப்புப் புள்ளியோடு மிகச் சிறிய பூச்சி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும்.

ரெட் பக். மில்பெமைசின் என்னும் மருந்து அதைக் கொல்லும், கூடவே இறாலையும் நண்டையும் கொல்லும். அதனால் தனித் தொட்டியில்.

கேள்வி: ஹேமர் பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் திசு கருகிப் போகிறது. மற்றப் பக்கம் அருமையாக விரிகிறது. புண் பரவவும் இல்லை. என்ன நோய்?

அந்தப் பக்கத்தில் என்ன பவளம் வைத்திருக்கிறீர்கள் என்பதை எழுதவில்லை. கேலக்ஸியா என்று நினைக்கிறேன். இரவு விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், நீண்ட கொட்டும் உணர்கொம்புகள் ஹேமர் வரை எட்டுவது தெரியும். இருபது சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். இவ்வளவு சுத்தமான நீரிலும் பவளங்கள் மெலிந்து வெளுக்கின்றனவே?

பட்டினி. நைட்ரேட்டை 5–10, பாஸ்பேட்டை 0.05–0.1 பிபிஎம் அளவுக்கு மெதுவாகக் கொண்டுவாருங்கள். மீன்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இரை, பாஸ்பேட் உறிஞ்சிக்கு ஓய்வு. இரண்டு வாரம் கழித்து அளந்து, எண்ணோடு எழுதுங்கள்.