டிசம்பரில் டிக்கெட் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டுக்காக ஆகஸ்ட் மாதம் சுவிட்சர்லாந்து போனாள். கீழ் எங்காடின் பள்ளத்தாக்கில், ஷ்குவோல் ஊருக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறாள். முதல் இரண்டு மாதம் உற்சாகமாக இருந்தாள். நவம்பர் பிறந்ததிலிருந்து தினமும் அழுகை. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறதாம். மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டுத்தான் போனாள். ஆனாலும் வீட்டில் பேசுவது ஒன்றும் புரியவில்லையாம். நாங்கள் சைவம், வயிறாரச் சாப்பிடுவதில்லை என்கிறாள். ஜனவரியில் பள்ளியில் பனிச்சறுக்கு முகாம் இருக்கிறதாம். நாலு வயதுக் குழந்தைகள்கூடச் சறுக்கும் ஊரில் தான் மட்டும் விழுந்து விழுந்து எழ வேண்டுமே என்று இப்போதே பயப்படுகிறாள். தினமும் இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவளோடு பேசித் தேற்றிவிட்டுத்தான் படுக்கிறேன். டிசம்பரிலேயே டிக்கெட் போட்டு வரவழைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

டிசம்பரில் டிக்கெட் போட வேண்டாம். உங்கள் மகள் இருக்கும் கிரவுபுண்டன் மாநிலத்தின் தலைநகரான கூரில் பல வருடம் குடியிருந்தவள் நான். இப்படி வரும் பிள்ளைகளுக்கு உள்ளூர்த் துணையாக இருந்த அனுபவமும் உண்டு. நவம்பரில் அழாத பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எல்லா அழுகையும் ஊர் ஏக்கத்தில் வருவதில்லை. இன்றைக்கே உங்கள் மகளிடம் நேராகக் கேளுங்கள்: ராத்திரி தூங்குகிறாயா, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாயா, அந்த வீட்டில் யாராவது உன்னைப் பயமுறுத்துகிறார்களா, தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்களா, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றுகிறதா? இதில் எந்தப் பதில் உங்களை உறுத்தினாலும் என் மற்ற யோசனைகளையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். அவளை அனுப்பிய அமைப்பின் அவசர எண்ணுக்கு அன்றைக்கே பேசுங்கள். குடும்பத்தை மாற்றச் சொல்லலாம், தேவைப்பட்டால் அழைத்தும் வந்துவிடலாம். அதில் அவமானம் எதுவும் கிடையாது. சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளுக்கென்றே ப்ரோ யுவென்டூட் அமைப்பு 147 என்ற எண்ணில் இரவு பகலாக ஒரு தொலைபேசி உதவி நடத்துகிறது. அது அவள் போனில் இருக்கட்டும்.

அப்படி எதுவும் இல்லை, இருட்டும் தனிமையும் பாஷையும்தான் பாடுபடுத்துகின்றன என்றால், மேலே படியுங்கள்.

எங்காடினில் நவம்பர் எவ்வளவு வெறுமையான மாதம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அக்டோபரில் பொன்னாக நின்ற லார்ச் மரங்கள் ஊசியிலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். கோடைக் கூட்டம் போய், குளிர்காலக் கூட்டம் வராத இடைவெளி அது. பாதி ஹோட்டல்கள் பூட்டியிருக்கும், தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பனியும் முழுசாக விழுந்து நிலைத்திருக்காது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஜூரிச்சிலேயே பகல் எட்டரை மணி நேரம்தான். பள்ளத்தாக்கில் சூரியன் மலைக்குப் பின்னால் இன்னும் முன்னதாகவே போய்விடும். உங்கள் மகள் தன் வருடத்தின் மிக மோசமான வாரங்களில் நின்றுகொண்டு அந்த வருடத்தையே எடை போடுகிறாள். டிசம்பர் 21 தாண்டியதும் பகல் நீளத் தொடங்கிவிடும். பனி படிந்த பிறகு, வானம் தெளிந்த நாட்களில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போக முடியாத அளவுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். பிப்ரவரியில் அவள் அனுப்பப்போகும் படங்களைப் பார்த்தால் அதே ஊரா என்று கேட்பீர்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை: மதிய இடைவேளையில் தினமும் அரை மணி நேரமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள். குளிர்கால வெயிலில் நம் நிறத்தவர்களுக்கு வைட்டமின் டி போதுமான அளவு கிடைப்பதில்லை. ஒருமுறை டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதித்துக்கொள்ளட்டும். சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாஷை விஷயத்தில் அவள் மேல் துளியும் தப்பில்லை, இதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். கிரவுபுண்டனுக்கு ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியன் என்று மூன்று ஆட்சி மொழிகள். கீழ் எங்காடின் வீடுகளில் பேசுவது ரோமான்ஷின் வல்லாடர் வகை. லத்தீனிலிருந்து கிளைத்தது, 1938இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நாட்டின் நான்காவது தேசிய மொழியானது. கடையிலும் பேருந்திலும் காதில் விழுவது சுவிஸ் ஜெர்மன். அவள் சென்னையில் படித்த ஜெர்மன் வகுப்பறையிலும் புத்தகத்திலும் மட்டுமே இருக்கிறது. ஒரே நாளில் மூன்று பாஷைக்குள் போய்வரும் பிள்ளைக்குத் தலை கனக்காமல் இருக்குமா? "என்னிடம் மட்டும் புத்தக ஜெர்மனில் பேசுங்கள்" என்று அவளே வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அது தெரியும், கேட்டால் மாற்றிப் பேசுவார்கள். சாப்பாட்டு மேஜையில் தங்களுக்குள் ரோமான்ஷுக்குத் திரும்பிவிட்டால், அவளை ஒதுக்குவதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் நாம் தமிழுக்குத் திரும்புவது போலத்தான் அது. நான் பார்த்தவரை, பொங்கல் தாண்டிய பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது திறக்கும். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல், யாரோ சொன்ன ஜோக்குக்குத் தானும் சிரித்துவிட்டோம் என்று திடீரென்று உணரும்போது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும், சகோதரி. உங்கள் இரவு பத்து மணி, குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்தரை. பன்னிரண்டு என்றால் ஏழரை. மலைக்கிராமத்து வீடுகளில் ஆறு, ஆறரைக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போன எல்லோரும் ஒன்றாகச் சேர்வது அந்த வேளைதான். சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு 36 சீட்டுக் கட்டை எடுத்து யாஸ் ஆடுவார்கள், அல்லது பாட்டி பின்னல் வேலையோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். பாஷை வருவது அந்த மேஜையில்தான், ஒட்டுதல் வருவதும் அங்கேதான். அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் மகள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு இருக்கிறாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகும் பெண்ணைப் பார்த்து அந்த வீட்டம்மா என்ன நினைப்பார்? நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒதுங்கி நிற்பார். அதைப் பார்த்து உங்கள் மகள், இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுவாள்.

நீங்கள் செய்வது தாயின் அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பைக் காட்டும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே மதியம் இரண்டு மணி, உங்களுக்கு மாலை ஆறரை. வாரம் ஒருமுறை அப்போது ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசுங்கள். மற்ற நாட்களில் ஒரு குரல் செய்தி போதும். திடீரென்று நிறுத்தினால் கைவிட்டதாகத் தோன்றும். ஆகவே ஏன் மாற்றுகிறீர்கள் என்பதை அவளிடம் விளக்குங்கள், நிஜமான அவசரம் என்றால் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்றும் சொல்லுங்கள். ஞாயிறு பேசும்போது "அழுதியா, சாப்பிட்டியா" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வீட்டுப் பாட்டி என்ன பின்னுகிறார், பக்கத்து வீட்டு மாடுகளைக் கொட்டிலில் அடைத்துவிட்டார்களா, இந்த வாரம் யாஸில் யார் ஜெயித்தது என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது அவள் கவனிக்கத் தொடங்குவாள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்றால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டு முறை வற்புறுத்திய பிறகே தட்டை நீட்டுவோம். அங்கே ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள், அதை மதிப்பதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள். உங்கள் மகள் பசியோடு எழுந்துகொண்டிருக்கக்கூடும். அந்தக் குடும்பத்துக்கு அது தெரியவே தெரியாது. பசித்தால் முதல் தடவையே ஆமாம் சொல்லப் பழகட்டும். அந்த ஊர்ச் சமையலில் சைவத்துக்குக் குறையும் இல்லை. உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு சேர்த்து வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, ஆப்பிள் மசியலோடு தரும் மாலுன்ஸ் இருக்கிறது. உருக்கிய சீஸில் செய்யும் ராக்லெட், ஃபாண்ட்யூ, உருளைக்கிழங்கைத் துருவி வறுக்கும் ரோஷ்டி எல்லாம் உண்டு. பார்லி சூப்பிலும், கீரை இலையில் மாவைச் சுருட்டி வேகவைக்கும் காபுன்ஸிலும் மட்டும் பொதுவாக உலர்ந்த இறைச்சித் துண்டுகள் இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் சமையலறையை அவள் எடுத்துக்கொள்ளட்டும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். பொடிகளை மட்டும் பார்சலில் அனுப்பிவையுங்கள்.

பனிச்சறுக்கில் அவள் விழத்தான் போகிறாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு சறுக்கப் பழகியவர்கள். விழுகிறவளைப் பார்த்து முகம் சுளிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. முகாமுக்கு முன் சமதளத்தில் தள்ளித் தள்ளிப் போகும் லாங்லாஃப் சறுக்கலைப் பழகச் சொல்லுங்கள். செலவும் குறைவு, பயமும் குறைவு. மார்ச் இரண்டாம் ஞாயிறு மலோயாவிலிருந்து எஸ்-சான்ஃப் வரை 42 கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிச் சறுக்கிப் போகும் எங்காடின் மராத்தானை வேடிக்கை பார்க்கவாவது போகட்டும். அதற்கும் முன்னால் ஒரு சனிக்கிழமை ப்ரேடாவுக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் அல்புலா கணவாய்ச் சாலையை மூடி, ப்ரேடாவிலிருந்து பெர்க்யூன் வரை ஆறு கிலோமீட்டரைச் சறுக்குவண்டிப் பாதையாக்கிவிடுவார்கள். சிவப்பு ரேட்டியன் ரயிலில் வண்டியோடு மேலே ஏறுவது, உட்கார்ந்து கீழே வருவது, மறுபடி ரயில் ஏறுவது. அதற்குப் பாஷையே தேவையில்லை. வகுப்புத் தோழி ஒருத்தியை அவளே கூப்பிடட்டும். அந்த ஊர்க்காரர்கள் தானாக வந்து தோளில் கைபோட மாட்டார்கள். அழைத்தால் வருவார்கள், வந்தால் விட்டுப் போக மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகவே கூடாது, எந்த நண்பன் கூப்பிட்டாலும் சரி. தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாக வகுத்து அறிவிக்கிறது. மூன்றாம் நிலை என்றால் நடுத்தரம்தானே என்று அலட்சியமாகத் தோன்றும். பெருமளவு உயிர்கள் போவது அந்த மூன்றில்தான். காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்தும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். 24ஆம் தேதி மாலை அங்கே முழுக்க முழுக்கக் குடும்பத்துக்கு உரியது. மரத்தில் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுவார்கள். அவளை அந்த வட்டத்துக்குள் உட்காரவைக்கிறார்கள் என்றால் அது பெரிய விஷயம். அந்த மாலை தயவுசெய்து அழைக்காதீர்கள். அவர்களுக்கு நீங்கள் கைப்பட எழுதிய ஒரு கடிதமும் சின்னப் பரிசும் முன்கூட்டியே போய்ச் சேரட்டும். உங்கள் மகளைச் சம்பளமில்லாமல், சொந்த விருப்பத்தில் ஏற்றுக்கொண்ட குடும்பமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்; உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் எவ்வளவு மகிழ்வார்கள் தெரியுமா!

ஜூரிச், பெர்ன் பக்கம் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கோயில்களும் உண்டு. தெரிந்த குடும்பம் இருந்தால், அமைப்பின் அனுமதியோடு பொங்கலுக்கு ஒருநாள் போய்வரலாம். வெரைனா ரயில் சுரங்கம் 1999இல் திறந்த பிறகு ஷ்குவோலிலிருந்து ஜூரிச் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வாரக்கடைசியும் அங்கே ஓடினால் கிராமத்தில் அவளுக்கு வேரே பிடிக்காது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: டிசம்பரில் திரும்பினால் இங்கே அரையாண்டுத் தேர்வு நேரம், எந்த வகுப்பிலும் உட்கார முடியாது. அங்கேயோ மார்ச் முதல் தேதி பிள்ளைகள் மாட்டு மணிகளைக் கழுத்தில் மாட்டி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் குளிர்காலத்தை விரட்டும் சலண்டாமார்ஸ் வருகிறது. அந்த நாள் வரை பொறுத்துப் பார்ப்போம் என்று மூவருமாகப் பேசி முடிவெடுங்கள். அதற்குப் பிறகும் அவள் வர வேண்டும் என்றே சொன்னால், கோபமில்லாமல் அழைத்து வாருங்கள். இன்றைக்குச் செய்ய வேண்டியது, அவளுடைய உள்ளூர்ப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல்: அழுகை, பசி, மேஜையில் புரியாத பேச்சு, மூன்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அவர் அந்தக் குடும்பத்தோடும் உங்கள் மகளோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஜனவரியில் எனக்கு மறுபடி எழுதுங்கள்.