ரீடிங்கில் எந்த எண் வரைக்கும் நம்பலாம்? – கேள்வி பதில்

திருவொற்றியூர் பக்கம் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் வேலை பார்க்கிறேன். அளவெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (டிப்ளமோ, தண்டையார்பேட்டை): அண்ணா, பிழையும் அன்சர்டெயின்டியும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. மூடினால் மைக்ரோமீட்டர் (திருகு வைத்து நுணுக்கமாக அளக்கும் கருவி) பூஜ்யத்துக்குப் பதில் 0.02 மி.மீ. காட்டுகிறதா, அது பிழை, கழித்துவிடு, முடிந்தது. தெரிந்ததையெல்லாம் கழித்த பிறகும் உண்மையான அளவு இங்கேயிருந்து இங்கே வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மிஞ்சுகிற அகலம்தான் அன்சர்டெயின்டி.

கேள்வி (பி.இ. இரண்டாம் ஆண்டு, வியாசர்பாடி): ஐந்து ரீடிங் எடுத்துச் சராசரி போட்டால் போதாதா?

பாதிதான் ஆச்சு. 25.01, 25.02, 25.01, 25.00, 25.01 என்று வந்ததாக வைத்துக்கொள். சராசரி 25.01, ரீடிங்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்கிற ஸ்டாண்டர்டு டீவியேஷன் 0.0071, அதை √5-ஆல் வகுத்தால் 0.0032. ரீடிங்குகளின் சிதறலிலிருந்து வருகிற இந்த அன்சர்டெயின்டிதான் டைப் ஏ. லீஸ்ட் கவுண்ட், அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சின்ன அளவு, 0.01 என்பதால் அதில் பாதி 0.005, √3-ஆல் வகுத்தால் 0.0029, ரீடிங்கிலிருந்து இல்லாமல் கருவியைப் பற்றித் தெரிந்ததிலிருந்து வருகிற இது டைப் பி. இரண்டையும் நேராகக் கூட்டாதே, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடு: 0.0043. இரண்டால் பெருக்கினால் சுமார் 0.009, ஆக 25.010 ± 0.009 மி.மீ., ஏறக்குறைய 95 சதவீத நம்பிக்கையோடு. காலிபரேஷன் (கருவியைத் தரமான அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) சான்றிதழில் உள்ள அன்சர்டெயின்டியையும் சேர்த்தால்தான் கணக்கு முழுசு. கருவியே தப்பென்றால் நூறு ரீடிங் எடுத்தாலும் நூறும் தப்புதான்.

கேள்வி (அதே தம்பி): டார்ஷன் (கம்பியை முறுக்கிப் பார்க்கும்) சோதனையில் எதைக் கவனமாக அளக்கணும்?

விட்டத்தை. சூத்திரத்தில் அது நான்காம் படியில் உட்கார்ந்திருக்கிறது, விட்டத்தில் 1 சதவீதம் தப்பினால் விடையில் 4. நீளத்துக்கு டேப் போதும்.

கேள்வி (லேத் ஓட்டுபவர், எண்ணூர்): சார், காலையில் சரியா இருந்த ஷாஃப்ட் மாலையில் பேரிங்கில் லூசா இருக்கு.

லேத்தில் இருந்து கழற்றின சூட்டோடு அளந்திருப்பீர்கள், ஆறினதும் சுருங்கியிருக்கும். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.0115 மி.மீ. விரியும். 50 மி.மீ. விட்டத்துக்கு 30 டிகிரி கூடுதல் என்றால் 0.017 மி.மீ., பேரிங் ஃபிட்டுக்கு அது ரொம்பப் பெரிசு. நானும் ஒரு லாட் முழுக்க இப்படி வீணடித்தவன்தான். ஆற விட்டு அளங்கள். அளவுகளுக்கான சர்வதேசக் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி, நம்ம ஊர் மே மாதத்தில் அதை ஏசி ரூமில்தான் பார்க்கலாம்.

கேள்வி (கொளத்தூர்): டிஜிட்டல் காலிப்பரும் (இரண்டு தாடைகளுக்கு நடுவில் பொருளை வைத்து அளக்கும் கருவி) 0.01 காட்டுதே, மைக்ரோமீட்டர் எதற்கு?

திரை காட்டுவதெல்லாம் துல்லியம் ஆகாது. காலிப்பரில் ஸ்கேல் ஒரு கோட்டில், பொருள் வேறு கோட்டில், கொஞ்சம் அழுத்தினால் தாடை சாய்ந்துவிடும். மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன விதி இது. மைக்ரோமீட்டரின் ராட்செட்டை (அழுத்தம் போதுமானதும் வழுக்கிவிடும் பிடி) திருப்பிப் பழகுங்கள், விரலால் முறுக்காதீர்கள்.