இரண்டு வசனங்களுக்கு நடுவில்: ஒரு கடிதமும் பதிலும்

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணாவுக்கு,

நான் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வேறொரு ஊரில் இதைவிடப் பெரிய மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நான் ஆசைப்பட்ட வேலை. ஆனால் அம்மா இறந்த பிறகு அப்பாவும் நானும்தான் வீட்டில். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாதமாக ஜெபிக்கிறேன், உபவாசமும் இருந்தேன். ஒருநாள் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்தபோது, ‘உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு’ என்று ஆபிரகாமிடம் சொன்ன வசனம் வந்தது. ‘போ’ என்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாளும் திறந்தேன். ரூத் நகோமியிடம், ‘உம்மைவிட்டுத் திரும்பிப்போவதைக் குறித்து, என்னோடே பேசவேண்டாம்’ என்று சொன்ன இடம் வந்தது. இப்போது ஒன்றும் புரியவில்லை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை; தேவ சித்தம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். தவறாக முடிவெடுத்து அவருடைய சித்தத்தை விட்டு விலகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தேவன் ஏன் பேசாமல் இருக்கிறார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த இரண்டு வசனங்கள். இரண்டுமே தேவனுடைய வார்த்தைதான். ஆனால் முதலாவது ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டது. இரண்டாவது தேவன் சொன்னதுகூட இல்லை, ஒரு மருமகள் தன் மாமியாரிடம் சொன்னது. அவள் சீட்டு எடுத்துப் பார்த்து அதைச் சொல்லவில்லை. நகோமியோடு வாழ்ந்திருந்தாள், அவள்மேல் அன்பு இருந்தது, வாய் திறந்து சொன்னாள். ரூத் எப்படி முடிவெடுத்தாள் என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கிறது.

அடையாளம் கேட்பதைப் பற்றிப் பேசும்போது, கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று தேவனிடம் கேட்டதைச் சொல்வார்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை முழுவதும் படித்தால் ஒன்று தெரியும். கிதியோன் என்ன செய்ய வேண்டும் என்று தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டார். தோலைப் போட்டது வழி தெரியாமல் அல்ல, நம்ப முடியாமல். இரண்டாம் முறை கேட்கும்போது ‘உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக’ என்று அவனே பயந்துகொண்டு கேட்கிறான். தேவன் அவனுடைய பலவீனத்துக்கு இரங்கினார். அந்த இரக்கத்தை நாம் ஒரு வழிமுறையாக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இதை அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன். இளவயதில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு முடித்துவிட்டு வந்து, ‘வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வந்தால் உம்முடைய சித்தம் ஆண்டவரே’ என்று ஜெபித்தேன். வெள்ளிக்கிழமையே வந்தது. சேர்ந்தேன். எட்டு மாதத்தில் உடைந்துபோய் வெளியே வந்தேன். தேவன் என்னை ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைத்தேன். நேர்முகத் தேர்வு அன்று நடந்த ஒன்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோப்பு கொண்டுவந்து வைத்த பெண்ணை, அது தவறான கோப்பு என்பதற்காக, அந்த மேலாளர் என் கண்முன்னாலேயே கத்தித் தீர்த்தார். அந்தப் பெண்ணின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பார்த்தது போதாதா? போதும். ஆனால் கடிதம் வெள்ளிக்கிழமை வந்ததும், பார்த்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டேன். கண்ணையும் யோசனையையும் கொடுத்தவர் அவற்றின் வழியாகவே பேசியிருந்தார். நான்தான் வேறு எங்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

‘மனதில் சமாதானம் இருந்தால் தேவ சித்தம், கதவு திறந்தால் தேவ சித்தம்’ என்று உங்களுக்குச் சிலர் சொல்லியிருப்பார்கள். யோனாவுக்கு இரண்டும் இருந்தன. யோப்பாவுக்குப் போனான், தர்ஷீசுக்குப் புறப்படுகிற கப்பல் தயாராக நின்றது. ஏறினான், கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். நினிவேக்குப் போகச் சொன்ன தேவனுக்கு நேர் எதிராக ஓடிக்கொண்டிருந்தான். கெத்செமனேயில் இயேசுவோ வியாகுலப்பட்டு, வியர்வை இரத்தத் துளிகளைப்போல விழ ஜெபித்தார். அவர் பிதாவின் சித்தத்தின் நடுவிலேதான் இருந்தார். ஆகவே உங்கள் மனம் கலங்குவதை வைத்து ஒரு முடிவுக்கும் வரவேண்டாம். அம்மாவை இழந்த வீட்டை விட்டுப் போவதா என்று யோசிக்கிற மகளுக்கு மனம் கலங்காமல் எப்படி இருக்கும்?

சரி, அப்படியானால் வழிநடத்துதல் எப்படி வரும்?

அப்போஸ்தலர் 16-ஐ எடுங்கள். பவுலும் உடனிருந்தவர்களும் ஆசியாவுக்குப் போக நினைத்தார்கள், தடுக்கப்பட்டார்கள். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. அதற்காக அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை, துரோவா வரை நடந்துகொண்டே இருந்தார்கள். அங்கே இரவில் மக்கெதோனியன் ஒருவனின் தரிசனம். இதில் நான் மிகவும் நேசிக்கிற ஒரு சொல் இருக்கிறது. தரிசனம் கண்டது பவுல் ஒருவர். ஆனால், கர்த்தர் அழைத்தார் என்று ‘நாங்கள் நிச்சயித்துக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறது. அத்தனை பெரிய அப்போஸ்தலன் கண்ட தரிசனத்தையும் கூட இருந்தவர்களோடு சேர்ந்துதான் நிச்சயித்தார்கள். 15-ஆம் அதிகாரத்திலும் அப்படியே. எருசலேமில் மிகுந்த தர்க்கம் நடக்கிறது, எல்லாரும் பேசி முடித்த பிறகு, ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்று எழுதுகிறார்கள். ஆவியானவரையும் தங்களையும் ஒரே வரியில் சேர்த்து எழுத அவர்களுக்குத் தைரியம் இருந்தது!

அப்புறம் இன்னொன்று. அந்த மக்கெதோனியாவில், பிலிப்பி பட்டணத்தில், பவுலும் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடந்தார்கள். கஷ்டம் வந்ததால் முடிவு தவறு என்று ஆகிவிடாது. நீங்கள் போனாலும் கஷ்டமான நாட்கள் வரும், இருந்தாலும் வரும். அப்போது இந்த மாதத்தை நினைத்து உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

‘உன்மேல் என் கண்ணை வைத்து, உனக்கு ஆலோசனை சொல்லுவேன்’ என்கிற 32-ஆம் சங்கீதத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அடுத்த வசனத்தில் நின்று பார்ப்பதில்லை. கடிவாளம் போட்டு இழுத்தால்தான் கிட்ட வருகிற குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்கவேண்டாம் என்கிறது அது. நாம் கேட்கிற அடையாளங்களில் பாதி, ‘எனக்குக் கடிவாளம் போடும் ஆண்டவரே’ என்கிற வேண்டுதல்தான். அவர் நம்மைப் புத்தியுள்ள பிள்ளைகளாக, தம்முடைய மனம் அறிந்தவர்களாக வளர்க்க விரும்புகிறார். அவர் பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் மௌனமாக இருக்கிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஞானம் கேட்கிற ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளாதவர் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார்.

நான் நின்றுவிட்ட இடம் இதுதான்: ‘அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.’

மூன்று மாதம் தேவனிடம் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த அறையில் இருக்கிற அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் சொல்லவில்லை அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ‘போ’ என்று சொல்லிவிட்டு அவர் தனியாக அழுவாரோ, ‘போகாதே’ என்று சொல்லி உங்கள் ஆசையைக் கட்டிப்போடுவாரோ என்று இருக்கும். ஆனால் சித்தம் தெரிந்த பிறகு அப்பாவிடம் சொல்வது என்றால், தீர்ப்பைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பது போல. அவரும் ஜெபிக்கிறவர்தானே? அவரையும் அந்த ‘நாங்கள்’ என்பதற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஊசி, மாத்திரை யார் கவனிப்பது, உங்களோடு வர அவருக்கு மனம் உண்டா, ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா என்பதெல்லாம் அவரோடு பேசாமல் எப்படித் தெரியும்? சபையில் உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடமும், அந்த மருத்துவமனையில் வேலை செய்கிற ஒருவரிடமும் விசாரியுங்கள்.

அதன் பிறகு, தெரிந்த அளவை வைத்து முடிவெடுங்கள். இரண்டில் எதிலும் பாவம் இல்லை. நீங்கள் கால் தவறி வைத்தாலும் அவருடைய கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட முடியாது. யோனாவையே மீனின் வயிற்றுக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தவர் அவர்.

இன்று இரவு அப்பா சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். வேலைக் கடிதத்தைக் கையில் கொடுத்து, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருப்பேன். அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்