அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களை ஆழமாகப் பாதித்த பெண் ஓவியர் யார்?

உக்ரைனின் ஒலேனா குல்சிட்ஸ்கா. ஓவியர் என்பதைவிட அச்சோவியர் என்றால் இன்னும் பொருத்தம். மரத்திலும், தரையில் விரிக்கும் லினோலியம் தகட்டிலும் செதுக்குவார், உலோகத் தகட்டை அமிலத்தால் அரிப்பார், அதில் மை பூசித் தாளில் ஒற்றி எடுப்பார். எடுத்ததில் பெரும்பகுதி கார்பாத்திய மலைப்பக்கத்துக் கிராமத்து மனிதர்கள்.

நான் ஒரு வருடமாக லினோகட், அதாவது லினோலியத்தில் செதுக்கி அச்செடுப்பது, பழகுகிறேன். முதலில் வெட்டியது கதிர் அறுக்கும் ஒரு பெண்ணை. வலது கையில் அரிவாள். இரண்டு வாரம் செதுக்கி, மை உருட்டி, தாளை மேலே போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து, மூலையைப் பிடித்து மெல்ல உரித்தேன். அரிவாள் இடது கையில் இருந்தது! அச்சில் இடம் வலமாகும் என்று தெரியும், ஆனால் கைக்கு அது இன்னும் பழகவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. அவள் கட்டியிருந்த துணி எங்கே செருகியிருக்கிறது, எங்கே தொங்குகிறது என்று எனக்கே தெரியாமல் ஏதோ கோடு போட்டிருந்தேன். பென்சிலில் அதைத் தேய்த்து மழுப்பிவிடலாம். லினோவில் முடியாது. வெட்டினால் வெள்ளை, விட்டால் கறுப்பு, நடுவில் ஒன்றும் கிடையாது.

குல்சிட்ஸ்காவிடம் இந்த மழுப்பல் கிடையாது. ஏன் என்று தேடியபோதுதான் அவருடைய உடைச் சித்திரங்கள் கண்ணில் பட்டன. ஊர் ஊராகப் போய் ஹுட்சுல், பொய்கோ, லெம்கோ என்ற மலைவாழ் மக்களின் உடைகளை வாட்டர்கலரில் பதிவு செய்திருக்கிறார். தலைத்துணியை எப்படிச் சுற்றுகிறார்கள், சட்டைக் கையில் பூவேலை எந்த இடத்தில் வருகிறது, ஆட்டுத்தோல் மேல்சட்டையின் ஓரம் எப்படி முடிகிறது என்று எல்லாமே அதில் உண்டு. 1959-இல் அவை கியேவில் ஒரு தொகுப்பாக வந்தன. இப்படிப் பார்த்துப் பழகிய கைதான் உளியைப் பிடித்தது.

1877-இல் பெரெஜானி என்ற சிற்றூரில் பிறந்தவர். அது அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது. வியன்னாவில் கலை படித்தவர், அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து பள்ளி ஆசிரியையானார். கொலொமியாவில் சிறிது காலம், பிறகு 1910 முதல் 1938 வரை பெரெமிஷில் ஊரில். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டே தன் வேலையையும் செய்திருக்கிறார்! குழந்தைகளுக்கான புத்தகங்களுக்கும் நிறையப் படம் போட்டார். சகோதரி ஓல்ஹா, ஒலேனாவின் வடிவங்களைத் தறியில் கம்பளமாக நெய்தார். இந்தச் சகோதரிகளைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

என்னை உலுக்கிய இடம் வேறு. பெரெமிஷில் இன்று போலந்தில் இருக்கிறது, அங்கே ப்ஷெமிஷ்ல் என்பார்கள். 1947-இல் போலந்து அரசு அந்தத் தென்கிழக்குப் பகுதியிலிருந்து உக்ரைனியர்களையும் லெம்கோக்களையும், சுமார் 1,40,000 பேரை, வீட்டைவிட்டுக் கிளப்பி நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் சிதறக் குடியேற்றியது. பல கிராமங்கள் ஆளில்லாமல் போயின. கோயிலுக்குப் போகும்போது எந்தத் தலைத்துணி, வயலுக்கு எது என்பதெல்லாம் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தானாக வரும் பழக்கம். ஊரே கலைந்தால் அதுவும் கலைந்துவிடும். குல்சிட்ஸ்கா இதையெல்லாம் முன்கூட்டி அறிந்து வரைந்தவர் அல்ல. பக்கத்தில் வாழ்ந்த மக்கள் மீது இருந்த பிரியத்தால் வரைந்தார். இப்போது அந்தத் தாள்களைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

போருக்குப் பிறகு லிவிவ் நகரின் அச்சுக்கலைக் கல்லூரியில் கற்பித்தார். 1967-இல், தொண்ணூறை நெருங்கும் வயதில் இறந்தார். உக்ரைனின் உயரிய ஷெவ்சென்கோ பரிசு கிடைத்ததும் அதே வருடம்தான். லிவிவில் அவர் வாழ்ந்த வீடு 1971 முதல் நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தப் பக்கம் அமைதி திரும்பியதும் ஒருநாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கதிர் அறுப்பவளை மறுபடி வெட்ட ஆரம்பித்திருக்கிறேன். நடவும் அறுப்பும் பார்த்த எங்கள் அத்தையிடம், வயலில் இறங்கும்போது சேலையை எப்படித் தூக்கிச் செருகுவீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று கட்டியே காட்டினார். மூன்று பக்கமிருந்தும் வரைந்து வைத்திருக்கிறேன்.