புழு படிக்கப் போகும் மகள்

அன்புள்ள ஐயா,

புழுக்களைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்து பற்றிய உங்கள் குறிப்பில், ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் அள்ளிய மண்ணிலிருந்து அந்த மருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அதற்காக வில்லியம் காம்பெலுக்கு 2015இல் கிடைத்த நோபல் பரிசு அதிர்ஷ்டம்தானே? என் மகள் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு ஒட்டுண்ணிப் புழுக்களில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள். "பூச்சி மாத்திரைதான் மெடிக்கல்லயே கிடைக்குதே, இதுல என்ன ஆராய்ச்சி?" என்கிறார் என் அண்ணன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

மண் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். தப்பு என்னுடையது. மண்ணைச் சொன்ன நான் எலியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

டோக்கியோவில் கிட்டசாட்டோ ஆய்வு நிறுவனத்தில் இருந்த சடோஷி ஓமுரா, மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்து, நம்பிக்கை தந்த 50 சொச்சத்தை 1970களில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே காம்பெலின் குழு, குடலில் புழு ஏற்றிய எலிகளுக்கு அந்த பாக்டீரியாக்களின் சாறுகளைத் தீனியில் கலந்து கொடுத்து, புழு மிஞ்சுகிறதா என்று பார்த்தது. ஒரு சாற்றில் மிஞ்சவில்லை. அந்த எலிச் சோதனை இல்லாமல் போயிருந்தால் மண் மண்ணாகவே கிடந்திருக்கும். பரிசை ஓமுராவும் காம்பெலும் சேர்ந்துதான் வாங்கினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தச் சாற்றிலிருந்து வந்த ஐவர்மெக்டின், ஆடு, மாடு, குதிரைக்கென்றே உருவாக்கிய மருந்து. குதிரைத் தோலில் இருக்கும் ஆங்கோசெர்கா என்ற புழுவின் குஞ்சுகளும் அதில் சாவது தெரியவந்தது. வேறொருவர் அதை மருந்தோடு வரும் விவரச் சீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அந்தப் புழுவுக்கு ஒரு பங்காளி உண்டு. ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈக்கள் கடித்து மனித உடம்புக்குள் நுழைந்து, கண்ணைப் பறிப்பது அதுதான். ஆற்றோரக் குருட்டு நோய் என்பார்கள். காம்பெலுக்கு அது உறைத்தது. மனிதர்களுக்கும் பரிசோதிக்கலாம் என்று 1978இல் மேலதிகாரி ராய் வாகெலோஸிடம் சொன்னார். 1981இல் மெர்க்கின் முகமது அஜீஸ் செனகலின் டக்காரில் முதல் சோதனையைத் தொடங்கினார்.

அந்தப் பொறி சும்மா தட்டிவிடவில்லை. அயர்லாந்தின் டோனகல் பக்கம் 1930இல் பிறந்தவர் காம்பெல். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் டெஸ்மண்ட் ஸ்மித் என்ற பேராசிரியர் அவரைப் புழு பக்கம் இழுத்தார். விஸ்கான்சினில் மானின் ஈரலில் வாழும் தட்டைப்புழுவை ஆராய்ந்து முனைவர் பட்டம். 1957இல் மெர்க்கில் சேர்ந்தவர் 1990 வரை அங்கேயே. குதிரைப் புழுவைப் பார்த்து மனிதக் கண் ஞாபகம் வர, இருபது வருஷத்துக்கு மேல் புழுவோடு குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். (புழுக்களை ஓவியமாகவும் வரைவார் அவர். என் வீட்டுக் கூடத்தில் மாட்டமாட்டேன்.)

இனி உங்கள் அண்ணனுக்கு. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுக்கும் டிஇசி மாத்திரையும் ஒரு வகையில் பூச்சி மாத்திரைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம் 1940களில் கொண்டுவந்தது அது. அதையே ஆற்றோரக் குருட்டு நோய்க்காரருக்குக் கொடுத்தால், குஞ்சுப் புழுக்கள் ஒரேயடியாகச் செத்து, தாங்க முடியாத அரிப்பு, காய்ச்சல், சிலருக்குக் கண் இன்னும் மோசமாகும். ஒரு புழுவுக்கு மருந்து, இன்னொன்றில் ஆபத்து. ஐவர்மெக்டின் வந்தபோது ஏன் அத்தனை நிம்மதி என்பது இப்போது புரியும்.

ஆனாலும் ஐவர்மெக்டின் குஞ்சுகளைத்தான் தீர்க்கிறது. தாய்ப்புழு பத்துப் பதினைந்து வருஷம் உயிரோடு உள்ளேயே இருந்து மறுபடி குஞ்சு போடும். அதனால் ஊர் மொத்தத்துக்கும் வருஷா வருஷம் மாத்திரை. மெர்க் 1987 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. அப்படியும் கொலம்பியா நோயை ஒழித்ததாகச் சான்று பெற 2013 ஆனது, ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜருக்கு 2025. ஊர் முழுக்கக் கொடுக்கத் தோதாக, தாய்ப்புழுவைச் சீக்கிரம் கொல்லும் மருந்து இன்னும் வேண்டியிருக்கிறது. உங்கள் மகளுக்கு வேலை காத்திருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

யானைக்கால் நோயில் பல காலமாக வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் என்று கேட்டால் சொல்வார்கள். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு, மகளை ஒரு முறை போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.