அப்பா வட்டமிட்ட 7

அன்புள்ள ஐயா,

என் மகள் உளவியல் முதுகலை படிக்கிறாள். ஆய்வுக்காக ஒரு வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ‘என் வாழ்க்கையில் நடப்பவை பெரும்பாலும் என் கையில் இல்லை’ என்பது அதில் ஒரு வரி. 1 முதல் 7 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். 7 என்றால் முழுக்க ஒப்புக்கொள்வதாகப் பொருள். 78 வயதான என் அப்பாவின் விடை 7. மனம் உடைந்துவிட்டது. அவருக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. வங்கி, மருந்து, கரன்ட் பில் எல்லாம் நானே பார்க்கிறேன். தெருமுனைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. வயதானால் எல்லோருக்கும் இப்படித்தானா? இதை எண்ணால் அளக்க முடியுமா? அல்லது விதியை நம்பி வளர்ந்த தலைமுறை என்பதாலா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

விதியைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். எண்ணால் அளக்கத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய, நடுவயது வாழ்க்கையைப் பற்றிய மிடஸ் (MIDUS) ஆய்வில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதே மாதிரி வரிகளைக் கேட்டார்கள். மார்ஜி லாக்மன் என்ற உளவியலாளர் அதைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். வேலை, பணம், மணவாழ்க்கை ஆகியவற்றில் இளையவர்களைவிட மூத்தவர்களே தங்கள் பிடி அதிகம் என்றார்கள். குறைந்திருந்த இடங்களில் ஒன்று, பிள்ளைகளுடனான உறவு.

பிள்ளைகள் என்றால் நீங்களும் நானும்தான்.

வங்கி உங்களிடம், மருந்து உங்களிடம், தெருமுனையும் உங்களிடம். அவர் 7 சொல்லாமல் வேறென்ன சொல்வார்? கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவரைப் பார்த்து மனம் உடைவானேன்?

கோபப்படாதீர்கள். என் அப்பாவுக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் நாள். இஸ்திரி போட்ட வேட்டி, சட்டைப்பையில் பாஸ்புக், வரிசையில் ஒரு மணி நேரம், திரும்பும்போது ஒரு காபி. ஒருநாள் வங்கிப் படியில் தடுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் பாஸ்புக்கை வாங்கி என் பீரோவில் வைத்தேன். ‘உட்கார்ந்த இடத்துக்குப் பணம் வருமே’ என்று பெருமையாக வேறு சொன்னேன். இரண்டு மாதம் கழித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் நின்று கேட்டார்: ‘குளிச்சுட்டு வரட்டுமா?’ முப்பத்தைந்து வருஷம் ஒரு ஆபீசையே அதட்டி வேலை வாங்கியவர்.

முதியோர் இல்லத்தில் ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. மேடைக்கு மேடை சொல்லித் தேய்த்துவிட்டார்கள். என்னைத் தூங்கவிடாதது, அது வந்த அதே 1976-ல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு. முதியவர்களைப் பார்க்கக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். சிலர், மாணவர் எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். சிலருக்கு வரும் நேரம் முன்கூட்டித் தெரியும். சிலரிடம் சொல்லாமல் போய் நின்றார்கள். சிலருக்கு யாரும் வரவில்லை. முதல் இரண்டு குழுவினரும் தெளிந்து சுறுசுறுப்பானார்கள். சரி, சந்தோஷம். அப்புறம் ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. இரண்டு, மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், தெளிந்த அந்த இரண்டு குழுவினர்தான் சரிந்திருந்தார்கள். யாருமே வராதவர்கள் அப்படியே இருந்தார்கள்.

நான் செய்ததும் அதுதான். அந்த ‘குளிக்கட்டுமா’வில் பயந்து பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாதம் போய்வந்தார், முகமே மாறியது. மழைக்காலம் வந்ததும் ‘இந்த ஒரு மாசம் மட்டும்’ என்று மறுபடி வாங்கி வைத்தேன். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

உங்கள் அப்பாவுக்கு எதையாவது விட்டுக்கொடுப்பதானால், வரிசையில் கால் வலித்தாலும், கணக்கில் நூறு ரூபாய் தப்பினாலும், பிடுங்க மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கொடுங்கள். கூட வரட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் இருங்கள், பின்னாலேயே ஸ்கூட்டரில் போகாதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வினாத்தாளில் அந்த 7-ஐ வட்டமிட்டது அவரா? இல்லை, கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது என்று நீங்களே வாசித்து, நீங்களே வட்டமிட்டீர்களா?