இரவு ஏசிக்கு சோலார்: பேட்டரி தேவையா?

படுக்கையறையின் 1.5 டன் ஏசியை இரவு 8 மணி நேரம் ஓட்ட, பேட்டரியோடு சோலார் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேட்டரி வேண்டாம் என்பேன். இன்வெர்ட்டர் ஏசி என்றாலும் ஓர் இரவுக்குச் சுமார் 6 முதல் 8 யூனிட் இழுக்கும். அவ்வளவையும் சேமிக்கும் பேட்டரிக்கே பெரும் பணம் போய்விடும். பேனல் 25 வருடம் உழைக்கும். அதற்குள் பேட்டரியை ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும்.

முதலில் நெட் மீட்டரிங் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்தால் பகலில் கிரிட்டுக்கு, அதாவது மின்வாரிய லைனுக்கு, அனுப்பிய யூனிட்டை இரவில் இழுக்கும் யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். நல்ல வெயிலில் 2 கிலோவாட் பேனல் நாளுக்கு 8 யூனிட் வரை தரும். ஆனால் கரண்ட் போனால் இந்த அமைப்பும் நின்றுவிடும், அடிக்கடி மின்வெட்டு உள்ள இடமென்றால் கணக்கே வேறு.

அப்புறம், மேல்தளம் என்றால் மொட்டைமாடிக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். ஏசியின் சுமை குறையும்.